இ-ரீடர் தனியாக வேண்டுமா, டேப்லெட்டே போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். "இ-ரீடரும் டேப்லெட்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. டேப்லெட்டில் புத்தகமும் படிக்கலாம், மற்ற எல்லாமும் செய்யலாம். அப்புறம் புத்தகம் மட்டுமே படிக்கத் தனியாக ஒரு கருவி எதற்கு? கண்ணுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா? இரவில் நாவல் படிப்பேன். பகலில் பாடப் பிடிஎஃப்களும் உண்டு." தோற்றத்தையும் வசதிகளையும் ஒப்பிடச் சொல்லும் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் விடை உங்கள் கடைசி வரியில் ஒளிந்திருக்கிறது. நாவலும் பிடிஎஃப்பும் ஒரே மாதிரிக் கோப்புகள் அல்ல. எந்தக் கருவி உங்களுக்குக் கைகொடுக்கும் என்பதைக் கண்ணைவிட அந்தக் கோப்புகள்தான் அதிகம் தீர்மானிக்கும். அதற்குப் போகும் முன் திரை எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிட வேண்டும். எடை, பேட்டரி, வேகம், கடைசியில் உடைந்துபோகும் விதம் வரை எல்லா வேறுபாடும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இ-ரீடரின் திரையில் இருப்பது இ-இங்க் எனப்படும் மின்மை. ஒரு மெல்லிய படலத்தில் தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள் நெருக்கமாகப் பரப்பப்பட்டிருக்கும். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் தெளிந்த திரவம். அதில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னேற்றம். அடியிலிருந்து மின்புலம் கொடுத்தால் ஒரு நிறத் துகள்கள் மேலே ஏறும், மற்றவை கீழே இறங்கும். முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான்: மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள்கள் ஏறிய இடத்திலேயே நிற்கும். அதாவது பக்கத்தைத் திருப்பத்தான் மின்சாரம் தேவை, காட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்தத் தொழில்நுட்பம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், மீடியா லேப் என்ற ஆய்வகத்தில் பிறந்து 1997இல் தனி நிறுவனமானது. அதை வைத்து 2004இல் சோனியின் லிப்ரியே என்ற இ-ரீடர் ஜப்பானில் வந்தது, 2007இல் அமேசானின் கிண்டில் வந்தது. டேப்லெட் வேறு குடும்பம். அதில் எல்சிடியாக இருந்தால் பின்னால் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ஓஎல்ஈடியாக இருந்தால் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். நீங்கள் ஒரே பக்கத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெரும்பாலான டேப்லெட்டுகள் அந்தப் பக்கத்தை நொடிக்கு 60 முறை திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கும்.

"இ-ரீடரிலும்தான் விளக்கு இருக்கிறதே" என்று பலர் கேட்பார்கள். இருக்கிறது, ஆனால் இடம் வேறு. திரையின் ஓரத்தில் சிறு எல்ஈடிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் ஒளி திரைக்கு மேலே உள்ள ஒளிபரப்பும் தகடு வழியாகப் பக்கத்தின்மேல் விழுந்து, அங்கிருந்து திரும்பி உங்கள் கண்ணுக்கு வரும். தாளின்மேல் மேசைவிளக்கு அடிப்பது மாதிரி. 2012இல் வந்த முதல் கிண்டில் பேப்பர்வைட்டில் இந்த வேலை முழுதாகக் கைகூடவில்லை. திரையின் அடி ஓரத்தில் கூம்பு கூம்பாக நிழல் தெரியும். பின்னால் வந்த பேப்பர்வைட்டுகளில் எல்ஈடிகள் கூடியிருக்கின்றன. 2021 பேப்பர்வைட்டில் 17 உண்டு, ஒளி ஏறக்குறைய சமமாகப் பரவும்.

தோற்றத்தை வைத்து ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று, பெயர். 2011இல் வெளியான 'கிண்டில் ஃபயர்' பெயரில் கிண்டில் என்றாலும் அது எல்சிடி டேப்லெட்தான். பழைய கருவி வாங்கும்போது இந்தப் பெயர்க் குழப்பம் இன்றும் ஆளைக் கவிழ்க்கும். இரண்டு, 'தாள் போன்ற திரை' என்று விளம்பரம் செய்யப்படும் சில டேப்லெட்டுகள். டிசிஎல்லின் நெக்ஸ்ட்பேப்பர் வரிசை அப்படிப்பட்டது: பளபளப்பு நீக்கிய எல்சிடி. கண்கூச்சம் குறையும், நல்ல விஷயம்தான், ஆனால் அது இ-இங்க் இல்லை. சந்தேகம் வந்தால் கருவியை உறங்க வைத்துப் பாருங்கள். திரையில் படமோ அட்டையோ அப்படியே நின்றால் இ-இங்க், முழுக்கக் கறுத்தால் பெரும்பாலும் டேப்லெட்.

கையில் எடுத்தவுடன் தெரிவது எடை. 6 அங்குல அடிப்படைக் கிண்டில் 158 கிராம். 7 அங்குலப் பேப்பர்வைட் 211 கிராம். 8.3 அங்குல ஐபேட் மினி 293 கிராம், 10.9 அங்குல ஐபேட் 477 கிராம். எண்ணாகப் பார்த்தால் சிறிய வேறுபாடு. மல்லாந்து படுத்து ஒரு கையால் முகத்துக்கு மேலே பிடித்து அரைமணி நேரம் படித்தால், 477 கிராம் மணிக்கட்டில் தெரியும், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மூக்கிலும் தெரியும். இ-ரீடரின் முதுகு பெரும்பாலும் வழுக்காத பிளாஸ்டிக். டேப்லெட்டின் முதுகு அலுமினியமோ கண்ணாடியோ, அழகு, ஆனால் உறை போடாமல் ஒரு கையில் நிற்காது. உறை போட்டால் எடை இன்னும் ஏறும். இ-ரீடரின் திரையைச் சுற்றி அகலமான ஓரச்சட்டம் இருப்பதைப் பழைய பாணி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டைவிரல் வைக்க அது வேண்டும். இல்லாவிட்டால் விரல் பட்டுப் பக்கம் தானாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். கோபோ நிறுவனத்தின் லிப்ரா போன்ற சில இ-ரீடர்களில் ஒரு பக்கம் மட்டும் சட்டம் தடித்து, அதில் பக்கம் திருப்பும் பொத்தான்கள் இருக்கும். கையில் எண்ணெயோ ஈரமோ இருந்தாலும், கையுறை போட்டிருந்தாலும் பொத்தான் வேலை செய்யும். நிறையப் படிப்பவர்கள் ஒருமுறை பொத்தானுக்குப் பழகினால் திரும்பிப் போக மாட்டார்கள்.

சட்டத்தைவிடத் திரை சற்றுக் குழிந்திருக்கிறதா, இரண்டும் ஒரே சமமாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சமமாக இருப்பது துடைக்கச் சுலபம், நேர்த்தியாகவும் இருக்கும். ஆனால் மேலே ஒரு கூடுதல் அடுக்கு இருப்பதால் விளக்குக்கு அடியில் லேசாக மின்னும், விரல் ரேகையும் தங்கும். குழிந்த திரையில் எழுத்து இன்னும் தாளுக்கு அருகில் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் மூலைகளில் தூசி சேரும்.

எழுத்தின் கூர்மையில் இரண்டுமே இன்று போதுமானவை. நல்ல இ-ரீடர்கள் அங்குலத்துக்கு 300 புள்ளி, ஐபேட் 264, ஐபேட் மினி 326. படிக்கும் தூரத்தில் கண்ணுக்கு இந்த வேறுபாடு பெரிதில்லை. நிறத்தில்தான் உண்மையைச் சொல்ல வேண்டும்: இ-இங்க் பக்கம் வெள்ளைத் தாள் இல்லை, செய்தித்தாள் சாம்பல். விளக்கை அணைத்துவிட்டு மங்கலான அறையில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். மொத்தம் 16 சாம்பல் படிகள்தான். வரைகோட்டுப் படம் நன்றாக வரும், புகைப்படம் சேறு பூசியதுபோல் வரும். ஆனால் வெயிலுக்கு வாருங்கள், ஆட்டம் தலைகீழாகும். இ-ரீடர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது, அதனால் வெயில் ஏற ஏறத் தெளிவாகும். டேப்லெட் வெயிலோடு போட்டி போட வேண்டும், தோற்றுவிடும். பிரைட்னஸைக் கடைசிவரை ஏற்றினால் சூடாகும். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்ப எல்லையே 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரைதான். அதைத் தாண்டினால் திரை தானாக மங்கும், சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் எச்சரிக்கை வரும்.

வேகத்தில் இ-ரீடருக்கு எந்த வாதமும் இல்லை, அது மெதுவானது. துகள்கள் திரவத்துக்குள் நகர்ந்துதான் ஆகவேண்டும். அடுத்த பக்கத்துக்குப் போவது பிரச்சினையில்லை, அச்சுப் புத்தகத்தில் தாளைத் திருப்பவும் அவ்வளவு நேரம் ஆகும். விரலால் உருட்டிக்கொண்டு போவது, பத்துப் பக்கம் பின்னால் போய் ஒரு பெயரைத் தேடி மறுபடி வருவது, அடிக்குறிப்புக்கும் பாடத்துக்கும் மாறி மாறித் தாவுவது, இங்கெல்லாம் பொறுமை போகும். புதிதாக வாங்கியவர்கள் பயப்படும் இன்னொன்றும் உண்டு. சில பக்கங்களுக்கு ஒருமுறை திரை முழுக்கக் கறுத்து வெளுக்கும். அது கோளாறு இல்லை. வேகத்துக்காகப் பக்கத்தைப் பாதி அழித்து எழுதும்போது முந்தைய எழுத்தின் சாயல் லேசாகத் தங்கிவிடும். அதைத் துடைக்கத்தான் அந்த மின்னல். சாயல் தொந்தரவாக இருந்தால் அமைப்புகளில் 'ஒவ்வொரு பக்கத்துக்கும் முழுப் புதுப்பிப்பு' என்பதை இயக்குங்கள். மின்னல் கூடும், பக்கம் சுத்தமாக இருக்கும்.

பேட்டரி பற்றி விளம்பரத்தில் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 2021 பேப்பர்வைட்டுக்கு '10 வாரம் வரை' என்றார்கள். சிறு எழுத்தில் இருப்பது: ஒரு நாளைக்கு அரைமணி நேரப் படிப்பு, வைஃபை அணைத்த நிலை, விளக்கு 13ஆம் படியில். 70 நாள், நாளுக்கு அரைமணி என்றால் மொத்தம் 35 மணி நேரம். ஐபேடுக்குச் சொல்லப்படுவது சுமார் 10 மணி நேரம். ஆக, படிக்கும் நேரத்தில் ஒன்றுக்கு மூன்றரை மடங்கு. நாளுக்கு 3 மணி நேரம் படிப்பவருக்கு இ-ரீடர் 11, 12 நாள் வரும். பத்து வாரம் வராது. அப்படியும் அது பெரிய வசதிதான், ஏனென்றால் மேசையில் ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் எடுத்தவுடன் படிக்க முடியும். அந்த 35 மணியை வேகமாகக் கரைப்பவை விளக்கும் வைஃபையும்தான். புத்தகம் இறக்கியவுடன் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

இப்போது கண். இங்கே உறுதியானதையும் பாதி உறுதியானதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், இணையத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. உறுதியானது: திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைகிறது. சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை இமைப்பவர் திரைமுன் அதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ இமைக்கிறார். கண் எரிச்சல், வறட்சி, மங்கல் ஆகியவற்றுக்கு முக்கியக் காரணம் அதுதான். உற்றுப் படிக்கும் எதிலும் இது நடக்கும், எனவே இ-ரீடர் வாங்கினால் இது முழுதாகப் போய்விடாது. டேப்லெட் திரையின் நீல ஒளி விழித்திரையைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் நீல ஒளிக் கண்ணாடிகளைப் பரிந்துரைப்பதே இல்லை.

தூக்கம் பற்றி எல்லோரும் மேற்கோள் காட்டும் ஆய்வு 2014இல் வந்தது. படுக்கப்போகும் முன் சுமார் 4 மணி நேரம், தொடர்ந்து 5 இரவுகள் ஒளிரும் திரையில் படித்தவர்கள், அச்சுப் புத்தகம் படித்த இரவுகளைவிட ஏறக்குறைய 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள். தூக்கத்துக்கு உடலைத் தயார் செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பு ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போனது. இந்த ஆய்வின் தலைப்பில் 'இ-ரீடர்' என்றுதான் இருக்கிறது. அதனால் 'இ-ரீடர் தூக்கத்தைக் கெடுக்கும்' என்று செய்திகள் வந்தன. ஆனால் அதில் பயன்படுத்தியது முழு பிரைட்னஸில் வைத்த ஐபேட். கலந்துகொண்டவர்கள் 12 பேர். ஆக, அந்த ஆய்வு இ-இங்க் கருவியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பிரைட்னஸைக் குறைத்து அரைமணி நேரம் டேப்லெட்டில் படிப்பவரைப் பற்றியும் சொல்லவில்லை. இ-ரீடரின் முன்விளக்கை மிகக் குறைவாக வைக்கலாம், பலவற்றில் மஞ்சளாக்கலாம், அதனால் கண்ணில் விழும் ஒளி குறைவு என்பது இயற்பியல். அதனால் உங்கள் தூக்கம் எவ்வளவு மேம்படும் என்பதற்கு எண் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

பலருக்கு இ-இங்க் நிம்மதியாக இருப்பது உண்மை. என் கணிப்பில் அதற்குக் காரணம் மூன்று: சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பப் பக்கமும் தானாக இணைந்து போவது, பிரதிபலிப்புக் குறைவு, திரை அசையாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதில் ஒரு கூடுதல் குறிப்பு: ஓஎல்ஈடி திரைகள் பலவற்றில் பிரைட்னஸைக் குறைக்கும்போது உண்மையில் ஒளியை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவார்கள். பெரும்பாலோருக்குத் தெரியாது. சிலருக்குத் தலைவலி வரும். உங்களுக்குக் குறைந்த பிரைட்னஸில் மட்டும் தலைவலி வந்தால் இதைச் சந்தேகியுங்கள். எந்தக் கருவியானாலும் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் எதையாவது 20 நொடி பாருங்கள். இதற்குப் பிறகும் வலி இருந்தால் அது கருவி மாற்றித் தீரும் விஷயமாக இருக்காது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம், கண் மருத்துவரைப் பாருங்கள்.

படித்தது மனதில் நிற்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் 50 பேருக்கு ஒரே 28 பக்க மர்மக் கதை கொடுக்கப்பட்டது. பாதிப் பேர் அச்சில், பாதிப் பேர் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இருவரும் சமம். எந்த நிகழ்ச்சி முன்னால், எது பின்னால் என்று வரிசைப்படுத்துவதில் மட்டும் அச்சில் படித்தவர்கள் முந்தினார்கள். அது தாளுக்கும் இ-ரீடருக்குமான ஒப்பீடு. இ-ரீடருக்கும் டேப்லெட்டுக்கும் பொருந்தாது. டேப்லெட்டில் கவனம் சிதறுவதற்கு ஆய்வு தேவையில்லை, மேலிருந்து இறங்கும் நோட்டிஃபிகேஷன் போதும். டேப்லெட்டில்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் புத்தக ஆப்பைத் திறக்கும்போதே தொந்தரவு செய்யாதே பயன்முறை இயங்கும்படி அமைத்துவிடுங்கள்.

இனி கோப்புகளுக்கு வருகிறேன், உங்கள் முடிவு நிற்கப்போவது இங்கேதான். நாவல்கள் பெரும்பாலும் இ-பப் வகைக் கோப்புகள். அதில் பக்கம் என்று ஒன்று கிடையாது, எழுத்து ஓட்டம் மட்டும்தான். எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். 6 அங்குலமானாலும் 10 அங்குலமானாலும் அழகாக உட்காரும். பிடிஎஃப் அப்படியில்லை. அது அச்சுக்குத் தயாரான பக்கத்தின் படம் மாதிரி. ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். 6 அங்குலத் திரை சுமார் 91க்கு 122 மில்லிமீட்டர். முழுப் பக்கத்தையும் திரைக்குள் கொண்டுவந்தால் 41 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்து 5 புள்ளியாகும். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளின் எழுத்து அளவு. யாராலும் பாடம் படிக்க முடியாது. 10.9 அங்குல ஐபேடில் அதே பக்கம் 75 சதவீதம், எழுத்து 9 புள்ளி. இது படிக்கக்கூடிய அளவு. 10 அங்குல இ-ரீடர்களிலும் ஏறக்குறைய இதேதான். கிண்டில் ஸ்கிரைப் மாதிரியானவை இதற்காகவே வந்தவை, பேனாவால் ஓரத்தில் குறிப்பும் எழுதலாம், ஆனால் 2022இல் வந்த முதல் ஸ்கிரைப்பின் எடை 433 கிராம். கையளவுக் கருவி என்ற சுகம் அங்கே போய்விடும்.

சிறிய இ-ரீடரில் பிடிஎஃப் படித்தே ஆகவேண்டும் என்றால் வரிசையாக இதைச் செய்துபாருங்கள். முதலில் கருவியைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள். பக்கத்தின் அகலம் முழுத் திரைக்கும் விரியும், எழுத்து 7 புள்ளிக்கு வரும், ஒரு பக்கத்தை இரண்டு மூன்று பகுதியாகப் படிக்கலாம். அடுத்து, வெற்று ஓரங்களை வெட்டுங்கள். பக்கத்தின் இருபுறமும் 25 மில்லிமீட்டர் வெற்றிடம் இருந்தால் அதை நீக்கியவுடனேயே எழுத்து கால்பங்கு, மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். தொடர்ந்து ஓடும் உரைநடை என்றால் கே2பிடிஎஃப்ஆப்ட் என்ற இலவச மென்பொருள் கணினியில் பக்கத்தைச் சொல் சொல்லாகப் பிரித்துச் சிறு திரைக்கு மறுபடி அடுக்கித் தரும். ஸ்கேன் செய்த புத்தகத்திலும் அது வேலை செய்யும், ஏனென்றால் எழுத்தை வாசிக்காமல் சொற்களைப் படத் துண்டுகளாகவே நகர்த்துகிறது. ஆனால் அட்டவணை, சூத்திரம், பெட்டிச் செய்தி வந்தால் குழம்பும். பாடப் புத்தகங்களில் அவைதான் அதிகம். ஆகவே உங்கள் பிடிஎஃப்களில் வண்ண வரைபடமும் அட்டவணையும் இருந்தால், நேரத்தை வீணாக்காமல் டேப்லெட்டிலேயே படியுங்கள்.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் தயாரித்த நல்ல இ-பப்பில் கொ, கோ, கௌ, ஸ்ரீ ஆகியவை சரியாக வருகின்றனவா என்று முதலில் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நின்றாலோ, புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தாலோ, அந்தக் கருவிக்கோ அந்த ஆப்புக்கோ தமிழை அடுக்கத் தெரியவில்லை என்று பொருள். எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துரு இல்லை. கிண்டிலிலும் கோபோவிலும் கணினியோடு இணைத்து, எழுத்துருக்களுக்கான ஃபான்ட்ஸ் கோப்புறையில் ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பழைய தமிழ் பிடிஎஃப்கள் வேறு கதை. பாமினி போன்ற பழைய குறியீட்டில் தட்டச்சு செய்தவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். அதை இ-பப்பாக மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக உளறும். மாற்றும் முன் ஒரு வரியை நகலெடுத்து வெறும் உரைப்பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் மாற்றலாம், உளறினால் அதைப் பிடிஎஃப்பாகவே விட்டுவிடுங்கள். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் புத்தகங்களை இ-பப்பாகவும், 6 அங்குலத் திரைக்கென்றே பக்கம் வெட்டிய பிடிஎஃப்பாகவும் தனித்தனியாகத் தருகிறார்கள். இந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டு செய்த வேலை அது.

கோப்பு வகைப் பூட்டையும் வாங்கும் முன் யோசியுங்கள். கோபோவில் இ-பப்பை நேரடியாகப் போடலாம். கிண்டிலில் யூஎஸ்பி வழியாகப் போட்ட இ-பப் திறக்காது. 2022 முதல் அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்பினால் மாற்றி ஏற்றுக்கொள்கிறது, அல்லது காலிபர் என்ற இலவச மென்பொருளில் நீங்களே மாற்றலாம். 2025 பிப்ரவரியில் அமேசான், வாங்கிய புத்தகத்தைக் கணினிக்கு இறக்கி யூஎஸ்பியில் ஏற்றும் வழியை நிறுத்திவிட்டது. டேப்லெட்டில் இந்தத் தலைவலி குறைவு. எந்தக் கடையின் ஆப்பையும் அருகருகே வைத்துக்கொள்ளலாம். நூலக ஆப்களும் ஓடும்.

வண்ண இ-இங்க் வந்துவிட்டதே, அது இரண்டுக்கும் நடுவழி ஆகாதா என்று அடுத்துத் தோன்றும். கலைடோ 3 வகைத் திரையில் கறுப்பு வெள்ளைக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150தான். 4096 வண்ணங்கள், அவையும் துவைத்துத் துவைத்து வெளுத்த துணி மாதிரி. வண்ண வடிகட்டி மேலே உட்கார்ந்திருப்பதால் பக்கம் இன்னும் இருட்டாகும், விளக்கைக் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். அட்டைப்படம், அடிக்கோடுகளின் நிறம், எளிய சித்திரக்கதை ஆகியவற்றுக்கு நன்று. நாவல் மட்டும் படிப்பவருக்குக் கறுப்பு வெள்ளையே தெளிவு.

ஒரு கூட்டத்துக்கு டேப்லெட்தான் என்று தயங்காமல் சொல்வேன்: பார்வைக் குறைபாடு உள்ளவர்கள். திரையை வாசித்துச் சொல்லும் வசதி, எந்த ஆப்பையும் எந்தப் பக்கத்தையும் உருப்பெருக்கும் வசதி, நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி எல்லாம் டேப்லெட்டில் பல மடங்கு முன்னேறியவை. ஆண்ட்ராய்டில் தமிழை உரக்கப் படிக்கும் குரலும் உண்டு. கிண்டிலிலும் திரைவாசிப்பு இருக்கிறது, ஆனால் உள்ளே ஒலிபெருக்கி கிடையாது, புளூடூத் ஹெட்ஃபோன் போன்றதை இணைத்தால்தான் கேட்கும்.

உடைவதைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிப் பதில்தான். டேப்லெட் விழுந்தால் முன்கண்ணாடி விரிசல் விடும், கண்ணுக்குத் தெரியும், பலசமயம் அப்படியே வேலையும் செய்யும். இ-ரீடர் வேறு விதமாகச் சாகும். மின்மைப் படலத்துக்கு அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. பைக்குள் சாவிக்கொத்தோ சார்ஜர் முனையோ திரையை அழுத்தினால், யாராவது அதன்மேல் உட்கார்ந்தால், அந்த உள்தகடு விரிசல் விடும். மேலே தடவிப் பார்த்தால் வழவழப்பாக, கீறல்கூட இல்லாமல் இருக்கும். ஆனால் பாதிப் பக்கம் மாறும், மீதிப் பாதியில் பழைய அட்டைப்படமும் நேர்க்கோடுகளும் உறைந்து நிற்கும். மறுதொடக்கம் செய்து பயனில்லை. கருவியின் பெறுமானத்தில் பெரும்பகுதி திரையே என்பதால் மாற்றுவதும் பெரும்பாலும் கட்டுப்படியாகாது. இ-ரீடரோடு முதலில் வாங்க வேண்டியது திரைமேல் மூடும் விறைப்பான உறை. பையில் வைக்கும்போது திரை ஒரு புத்தகத்தின் தட்டையான பக்கத்தைப் பார்க்கட்டும். தண்ணீருக்குப் பேப்பர்வைட் தாங்கும், 2 மீட்டர் நன்னீரில் 60 நிமிடம் என்ற ஐபிஎக்ஸ்8 தரம். அடிப்படைக் கிண்டில் தாங்காது. நனைந்தால் சார்ஜ் துளை முழுக்கக் காயும்வரை செருகாதீர்கள். நீண்ட நாள் எடுக்கமாட்டீர்கள் என்றால் எந்தக் கருவியையும் பாதி சார்ஜில் அணைத்து வையுங்கள். பூஜ்ஜியத்தில் மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி மீளாமல் போகலாம்.

உங்கள் நிலைமைக்கு: கையில் ஏற்கெனவே ஒரு டேப்லெட் இருந்தால் பிடிஎஃப்புக்கு அதுவே போதும், நாவலுக்கு 6 அல்லது 7 அங்குலக் கறுப்பு வெள்ளை இ-ரீடர் ஒன்றைச் சேருங்கள். எதுவும் இல்லை, ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் திறந்த கோப்புகளை வரிசைப்படுத்தி எண்ணுங்கள். அதில் பாதிக்கு மேல் பிடிஎஃப் என்றால் டேப்லெட். அதன் பிரைட்னஸைக் குறைத்து, மஞ்சள் ஒளி போட்டு, இரவு நாவலையும் அதிலேயே படிக்கலாம், குறை பெரிதாக இருக்காது. பாதிக்கு மேல் நாவல் என்றால் இ-ரீடர். அந்தப் பிடிஎஃப்களைக் கணினியில் படியுங்கள். வாங்கும் இடத்தில் காட்சிக்கு வைத்த கருவியில் அவர்கள் போட்டிருக்கும் ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், உங்களுடைய ஒரு தமிழ் இ-பப், ஒரு பாடப் பிடிஎஃப் இரண்டையும் அதே அளவுத் திரை வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்துத் திறக்கச் சொல்லி, இருபது பக்கம் படித்துப் பாருங்கள்.